பழைய ஆர்கேட் ஒலிச் சில்லைப் புதிதாகக் கட்டுவது: போக்கியை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் பெட்டிகளைச் சேகரிப்பவர்களோடும் பழுதுபார்ப்பவர்களோடும் சற்று நேரம் பேசினால், “ஒலிச் சில்லு எங்கும் கிடைக்கவில்லை, எஃப்.பி.ஜி.ஏ. வைத்துச் சரிசெய்துவிட்டோம்” என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளிணைப்புகளை நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சில்லு (சிப்); விரிவாகப் பின்னால் பார்ப்போம். கேட்பவர்கள் அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய ஒலிகளையெல்லாம் பதிவுசெய்து ஏதோ ஒரு நினைவகத்தில் அடைத்துவிட்டார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். பழைய சில்லுக்குள் இருந்த நிரலை எடுத்துப் புதிய சில்லுக்குள் போட்டுவிட்டார்கள் என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். எஃப்.பி.ஜி.ஏ. என்றாலே அசல், எமுலேட்டர் (பழைய சில்லைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) என்றாலே போலி என்று தீர்ப்பே எழுதிவிடுகிறவர்களும் உண்டு. மூன்றுமே பிழையான புரிதல்கள். மூன்றாவது மட்டும் பாதி உண்மையோடு கலந்திருப்பதால் அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஒலிச் சில்லுகள் பல வகைப்படும். எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை எடுத்து முழுமையாகப் பார்ப்பது நல்லது என்பதால், அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் தனக்கென வடிவமைத்துக்கொண்ட ‘போக்கி’ என்னும் சில்லை இங்கே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மின்னணுவியல் படித்திராதவர்களும் இதைத் தொடரலாம்; ஒன்று, இரண்டு என எண்ணத் தெரிந்தால் போதும்.

சில்லுக்குள் பாட்டு கிடையாது

1980இல் வந்த ‘மிசைல் கமாண்ட்’ ஆட்டத்தின் நிரல், படங்களும் ஒலிகளும் உட்பட, மொத்தம் 12 கிலோபைட் இடத்துக்குள் அடங்கிவிட்டது. குறுந்தட்டின் தரத்தில் ஒற்றைத் தடமாக ஒரே ஒரு நொடி ஒலியைப் பதிவுசெய்ய வேண்டுமானால் ஏறத்தாழ 88 கிலோபைட் தேவைப்படும். அதாவது, அந்த ஆட்டத்தின் நினைவகம் முழுவதையும் ஒலிக்கே ஒதுக்கியிருந்தாலும், நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் எதையும் பதிவுசெய்து வைத்திருக்க முடியாது. ஆனாலும் ஏவுகணைகள் பாய்ந்தன, வெடித்தன, அபாயச் சங்கு அலறியது. இவை எங்கிருந்து வந்தன?

நாதஸ்வரத்துக்குள் தோடி ராகம் அடைத்து வைக்கப்பட்டிருப்பதில்லை. எந்தத் துளையை எப்போது மூடுவது, எவ்வளவு ஊதுவது என்பதை வாசிப்பவர் அறிவார். அந்தச் செயலுக்கு எந்த ஒலி பிறக்க வேண்டும் என்பதைக் குழலின் வடிவம் தீர்மானிக்கிறது. ஆர்கேட் பெட்டியில் வாசிப்பவரின் இடத்தில் இருப்பது, ஆட்டத்தின் நிரலை இயக்கும் 6502 என்னும் செயலி. குழலின் இடத்தில் இருப்பது ஒலிச் சில்லு. துளைகளின் இடத்தில் இருப்பவை பதிவகங்கள். பதிவகம் என்றால் சில்லுக்குள் ஒரு சிறிய எண்ணை வைத்திருக்கும் இடம் என்று பொருள். போக்கியில் அது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். செயலி ஒரு பதிவகத்தில் ஓர் எண்ணை எழுதினால் சுருதி மாறும், இன்னொன்றில் எழுதினால் ஒலியின் அளவு மாறும், அடுத்த எண் எழுதப்படும்வரை சில்லு தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே, பழைய சில்லிலிருந்து பெயர்த்தெடுக்க அதற்குள் எந்தப் பாட்டும் இல்லை, எந்த நிரலும் இல்லை. மறுபடி உருவாக்க வேண்டியது குழலைத்தான். வாசிப்பவரான செயலி பழைய பெட்டியிலும், வாசிக்க வேண்டிய உருப்படியான நிரல் அதன் நினைவகச் சில்லுகளிலும் அப்படியே இருக்கின்றன.

போக்கியின் கதை

1979இல் விற்பனைக்கு வந்த அட்டாரி 400, 800 என்னும் வீட்டுக் கணினிகளுக்காக உருவான சில்லு போக்கி. வடிவமைத்தவர் டக் நியூபாவர். பொட்டென்ஷியோமீட்டர் (திருகு விசை), கீபோர்டு (விசைப்பலகை) என்ற இரு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் பெயர். ஒலி என்பதற்குப் பெயரில் இடமே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது ஒரு சிக்கலாகத் திரும்பி வரும். 40 கால்கள் கொண்ட இந்தச் சில்லை அட்டாரியின் ஆர்கேட் பிரிவும் எடுத்துக்கொண்டது. ‘மிசைல் கமாண்டில்’ ஒன்று, 1981இல் வந்த ‘டெம்பெஸ்டில்’ இரண்டு, 1983இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தில் நான்கு என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

இது ஒரு நிறுவனம் தன் பயன்பாட்டுக்கென்று செய்துகொண்ட சில்லு. கடையில் பெயர் சொல்லி வாங்கக்கூடிய பொதுச் சில்லாக இருந்திருந்தால் பல நிறுவனங்கள் அதைத் தயாரித்திருக்கும், இன்றும் எங்காவது ஒரு கிடங்கில் மிச்சம் இருந்திருக்கும். அட்டாரி 1984இல் இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக் கணினி வரிசையும் 1990களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு போக்கி வேண்டுமென்றால் இன்னொரு பழைய கருவியிலிருந்துதான் கழற்ற வேண்டும். ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்றை உடைப்பது எத்தனை காலம் ஓடும் என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை.

எண்ணுவதிலிருந்து சுருதி பிறக்கும் விதம்

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். அளப்பவர் “லாபம், ரெண்டு, மூணு” என்று மரக்கால் மரக்காலாக எண்ணிக்கொண்டே போகிறார். குறித்த எண்ணிக்கை வந்ததும் பக்கத்தில் இருப்பவர் ஒரு கூழாங்கல்லை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வைக்கிறார். எண்ணிக்கை மறுபடி லாபத்திலிருந்து தொடங்குகிறது. அடுத்த முறை அதே கல்லை இடப்பக்கம் வைக்கிறார். அளப்பவரின் வேகம் மாறாதவரை, கல் இடமும் வலமும் போய்வரும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்தக் குறித்த எண்ணிக்கை மட்டுமே.

போக்கிக்குள் தனித்தனியாக ஒலி எழுப்பும் நான்கு ஒலித்தடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் செய்வது இதையேதான். மரக்கால் விழும் தாளத்தைக் கடிகாரத் துடிப்பு என்கிறோம். சில்லுக்கு வெளியிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருக்கும் மின்துடிப்பு அது. ‘டெம்பெஸ்ட்’ பெட்டியில் போக்கிக்கு நொடிக்கு 15,12,000 துடிப்புகள் வருகின்றன. சில்லு முதலில் அதை 28ஆல் வகுத்து நொடிக்கு 54,000 ஆக்கிக்கொள்ளலாம். பிறகு ஒலித்தடத்தின் எண்ணி, பதிவகத்தில் எழுதப்பட்ட எண்ணைவிட ஒன்று கூடுதலாக எண்ணி முடிக்கும் ஒவ்வொரு முறையும் வெளியீட்டை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ புரட்டுகிறது. மேலே ஒரு புரட்டல், கீழே ஒரு புரட்டல் இரண்டும் சேர்ந்தால் ஓர் அலை.

இதில் ஒரு சுவையான குறைபாடு ஒளிந்திருக்கிறது. நொடிக்கு 440 அலைகள் கொண்ட சுருதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதிவகத்தில் 60 எழுதினால் சில்லு 61 வரை எண்ணும். 54,000ஐ 122ஆல் வகுத்தால் ஏறத்தாழ 442.6 கிடைக்கிறது. 61 எழுதினால் 435.5 கிடைக்கிறது. நடுவில் எதுவும் இல்லை, ஏனென்றால் அறுபத்தொன்றே கால் முறை எண்ண முடியாது. இரண்டு தடங்களை இணைத்து நீளமான எண்ணியாக்கினால் நுட்பம் கூடும். ஆனால் நான்கு தடங்களில் இரண்டை அதற்கே கொடுத்துவிட வேண்டும். பழைய ஆட்டங்களின் இசை லேசாகச் சுருதி விலகி ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். மறுபடி உருவாக்குபவர் நல்லெண்ணத்தோடு அந்த விலகலைத் ‘திருத்தினால்’, அவர் உருவாக்குவது வேறொரு குழலாகிவிடும்.

கடிகாரம் வெளியிலிருந்து வருகிறது என்பதற்கும் விளைவு உண்டு. அமெரிக்க வீட்டுக் கணினியில் அதே போக்கிக்கு நொடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்புகள் வந்தன, ‘மிசைல் கமாண்ட்’ பெட்டியில் 12.5 லட்சம் வந்தன. எழுதும் எண் ஒன்றாகவே இருந்தாலும் சுருதி மூன்று இடங்களிலும் மூன்று விதமாக இருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சில்லுக்குள் இருப்பது எண்ணும் பழக்கம், எண்ணிக்கையை நிரல் சொல்கிறது, வேகத்தைக் கடிகாரம் சொல்கிறது, இரண்டும் சேர்ந்து சுருதியாகிறது.

இரைச்சலும் எண்ணிக்கையே

சீரான சுருதியால் வெடிச் சத்தத்தை உண்டாக்க முடியாது. அதற்கு ஒழுங்கில்லாத ஒலி வேண்டும். ஆனால் எண்ண மட்டுமே தெரிந்த சில்லுக்கு ஒழுங்கின்மையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒரு வரிசையில் 17 நாற்காலிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை உடையோ கறுப்பு உடையோ அணிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் எல்லோரும் ஓர் இடம் நகர்கிறார்கள். கடைசியில் இருந்தவர் வெளியேறுகிறார். முதல் நாற்காலிக்கு வரும் புதியவரின் உடை, குறிப்பிட்ட இரண்டு நாற்காலிகளில் இருப்பவர்களின் உடை ஒரே நிறமா வெவ்வேறு நிறமா என்பதைப் பொறுத்து அமைகிறது. விதி இவ்வளவு எளிமையானது. ஆனால் வெளியேறுகிறவர்களின் நிறங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் எந்த ஒழுங்கும் தெரியாது. இந்த அமைப்புக்குப் பெயர் நகர்வுப் பதிவகம். 17 நாற்காலிகள் கொண்டது 1,31,071 துடிப்புகளுக்குப் பிறகுதான் தொடங்கிய நிலைக்குத் திரும்பும். அதைக் காதில் கேட்டால் இரைச்சல்.

போக்கியின் தனிக்குணம், இந்த நீளமான வரிசையோடு நான்கு நாற்காலி வரிசை ஒன்றையும் ஐந்து நாற்காலி வரிசை ஒன்றையும் வைத்திருப்பதில் உள்ளது. நான்கு நாற்காலி வரிசை 15 துடிப்புகளில் திரும்பிவிடும். அவ்வளவு சீக்கிரம் திரும்புவதால் அது இரைச்சலாகக் கேட்பதில்லை. கரகரப்பான, தடித்த ஒரு சுருதியாகக் கேட்கிறது. அட்டாரி ஆட்டங்களின் உறுமலுக்கும் முனகலுக்கும் ஊற்று இத்தகைய குறுகிய வரிசைகள்தாம்.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் நகல் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வரிசை முதன்மைக் கடிகாரத்தின் முழு வேகத்தில் ஓயாமல் ஓடுகிறது. ஒலித்தடமோ தன் எண்ணிக்கை முடியும்போது மட்டும் அதை எட்டிப் பார்த்து, அந்த நொடியில் வெளியேறுகிறவரின் நிறத்தைக் குறித்துக்கொள்கிறது. 28ஆல் வகுத்த துடிப்பைப் பயன்படுத்தும் ஒரு தடம், எண்ணிக்கை 15 என்று அமைந்தால், 420 துடிப்புகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். 420 என்பது 15இன் மடங்கு. ஆகவே அது பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதே ஆளைத்தான் பார்க்கும்! நிறம் மாறவே மாறாது, ஒலியும் எழாது. எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருந்தால் ஐந்து பேர் மட்டும் மாறி மாறித் தென்படுவார்கள், ஐந்தின் மடங்காக இருந்தால் மூன்று பேர் மட்டும் தென்படுவார்கள். ஒலியின் குணமே மாறிவிடும். பதிவகத்தில் ஒன்று கூட்டிக் குறைத்தால் சுருதியோடு குரலும் சேர்ந்து மாறுவது இதனால்தான். இதற்காகவே எந்த எண் எந்தக் குரலைக் கொடுக்கும் என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது போக்கியில் இசையமைப்பவர்களின் வழக்கம்.

எஃப்.பி.ஜி.ஏ. என்பது என்ன?

இனி மறுகட்டுமானத்துக்கு வருவோம். எஃப்.பி.ஜி.ஏ. என்பது, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் உள்ளிணைப்புகளை நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு. சைலின்க்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 என்பதே வணிகமுறையில் வெற்றிபெற்ற முதல் எஃப்.பி.ஜி.ஏ.; அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இன்று சிறிய சாதனங்களில் பயன்படும் மேக்ஸ் 10 வகையில் 2,000 முதல் 50,000 வரை கட்டங்கள் உள்ளன.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறது? ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் வாய்ப்பாடு மனப்பாடமான குழந்தை கணக்குப் போடாமல் ஐம்பத்தாறு என்று சொல்லும். அதுபோல, நான்கு கம்பிகள் வழியே வரும் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற செய்திகளுக்கு மொத்தம் 16 சேர்க்கைகள்தாம் உண்டு. அந்தப் பதினாறுக்கும் என்ன விடை சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் கட்டம் நாம் விரும்பும் எந்தத் தருக்கமாகவும் நடந்துகொள்ளும். அதோடு ஒரு விடையை அடுத்த கடிகாரத் துடிப்புவரை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு இடமும், எந்தக் கட்டத்தின் விடை எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று இணைக்கும் கம்பி வலையும் இருக்கின்றன. பழைய தொலைபேசி நிலையத்தில் பணியாளர் கம்பிகளைச் செருகி இணைப்புக் கொடுத்ததைக் கற்பனை செய்துகொண்டால் அந்த வலை விளங்கிவிடும்.

மேலே சொன்ன நெல் எண்ணிக்கையையும் நாற்காலி வரிசைகளையும் வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். என்னும் விவரிப்பு மொழியில் எழுதுகிறார்கள். ஒரு கருவி அதைப் படித்து, எந்தக் கட்டத்துக்கு எந்த வாய்ப்பாடு, எந்தக் கம்பி எங்கே என்று முடிவுசெய்து ஓர் அமைப்புக் கோப்பைத் தருகிறது. அந்தக் கோப்பு சில்லுக்குள் ஏறியதும் சில்லு ‘ஓடத்’ தொடங்குவதில்லை. அது அந்தச் சுற்றாகவே ஆகிவிடுகிறது. ‘நிரலாக்கக்கூடியது’ என்று எஃப்.பி.ஜி.ஏ.வை அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன்; ‘இணைத்துக்கொள்ளக்கூடியது’ என்று அழைத்திருந்தால் பாதித் தவறான புரிதல் வந்திருக்காது.

எமுலேட்டரிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

கல்யாணச் சமையலில் நான்கு அடுப்புகளுக்கு நான்கு பேர் நிற்கலாம். அல்லது மிக வேகமான ஒரே ஆள் சாம்பாரை ஒரு கிளறு, பாயசத்தை ஒரு கிளறு என்று மாறி மாறி ஓடலாம். எமுலேட்டர் இரண்டாவது வகை: பழைய சில்லின் நான்கு தடங்களையும் ஒரு கணினிச் செயலி ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட்டு, முடிந்ததும் ஒலியாக அனுப்பும் மென்பொருள். எஃப்.பி.ஜி.ஏ. முதல் வகை: நான்கு தடங்களும் பழைய சில்லில் இருந்தது போலவே ஒரே துடிப்பில் சேர்ந்து நகர்கின்றன.

சாப்பிடுபவருக்கு இதனால் ருசி மாறுமா? சமையல் குறிப்பு ஒன்றாக இருந்தால் மாறாது. குறிப்பு தவறாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து நான்கு அடுப்பிலும் தவறாகச் சமைப்பார்கள். நகலின் துல்லியம், உருவாக்கியவர் பழைய சில்லைப் பற்றி எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறார் என்பதிலிருந்தே வருகிறது. நன்கு ஆராய்ந்து எழுதிய எமுலேட்டர், அவசரத்தில் எழுதிய எஃப்.பி.ஜி.ஏ. நகலைவிடச் சரியாக ஒலிக்கும். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பழைய பலகையில் சில்லு இருந்த குழியிலேயே மாற்றுச் சில்லைப் பொருத்துவதென்றால் எஃப்.பி.ஜி.ஏ.வுக்குத் தெளிவான சாதகம் உண்டு. 6502 செயலி முகவரிக் கம்பிகளில் ஓர் எண்ணை வைத்துப் ‘படி’ என்று சொன்னால், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள் விடை கம்பிகளில் வந்து நிற்க வேண்டும். “கொஞ்சம் பொறு, பாயசத்தைக் கிளறிவிட்டு வருகிறேன்” என்று சொல்ல அங்கே இடமில்லை.

சுருக்கமாக: எஃப்.பி.ஜி.ஏ.வின் பலம் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடப்பதும் நேரம் தவறாமையும். உண்மைத்தன்மை அதனோடு இலவசமாக வருவதில்லை.

பழைய சில்லைப் பற்றி எப்படி அறிகிறார்கள்?

முதல் வழி, தயாரித்தவர்கள் எழுதிய ஆவணம். பதிவகங்களின் பட்டியலும் எண்ணும் முறையும் அதில் கிடைக்கும். பொறியாளர்கள் எதிர்பார்க்காத நேரத்தில் எதிர்பார்க்காத எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்பது கிடைக்காது. ஆட்ட நிரலாளர்களோ அதைத்தான் விரும்பிச் செய்தார்கள்.

இரண்டாவது, அளவீடு. நல்ல நிலையில் உள்ள ஓர் அசல் சில்லுக்கு ஆயிரக்கணக்கான எண் சேர்க்கைகளைக் கொடுத்து, வெளியீட்டை அலைகாட்டியில் பதிவுசெய்து, நகலின் வெளியீட்டோடு ஒப்பிடுவது.

மூன்றாவது, சில்லையே திறந்து பார்ப்பது. மேலுறையை அமிலத்தால் நீக்கி, உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டை நுண்ணோக்கியில் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக அடையாளம் காண்கிறார்கள். 6502 செயலியை ‘விஷுவல் 6502’ குழுவினர் 2010இல் இப்படித்தான் முழுமையாக வாசித்துக் காட்டினார்கள். யமஹாவின் ஓ.பி.எல். வகை ஒலிச் சில்லுக்குள் எரித்து வைக்கப்பட்டிருந்த 256 எண்கள் கொண்ட சைன் அட்டவணை 2008இல் வெளிச்சத்துக்கு வந்ததும் சில்லைத் திறந்து படமெடுத்த பிறகுதான். அதுவரை அந்த வகைச் சில்லின் நகல்களில் அந்த எண்கள் ஊகமாகவே இருந்தன. இந்த முறையில் திறக்கப்படும் சில்லு அழிந்துவிடும் என்பது இதன் விலை. ஏற்கெனவே பழுதான சில்லாக இருந்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

எண்ணிக்கை முடிந்து மின்னழுத்தம் தொடங்கும் இடம்

எண்ணிகளும் நாற்காலிகளும் ‘ஆம்–இல்லை’ உலகத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் துளி பிசகாமல் நகலெடுக்கலாம். ஆனால் ஒலிபெருக்கிக்குப் போவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். போக்கி தன் நான்கு தடங்களையும், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரையிலான அளவோடு, ஒரே காலில் கூட்டி அனுப்புகிறது. நான்கும் முழு அளவில் இருந்தால் கூட்டுத்தொகை 60 ஆக வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அவ்வளவு நேர்மையாகக் கூட்டுவதில்லை. அளவு ஏற ஏற வெளியீடு நெருக்கப்படுகிறது, நிரம்பிய பேருந்தில் மேலும் ஆள் ஏறுவதைப் போல. பல ஒலிகள் சேர்ந்து முழங்கும் வெடிச் சத்தத்தில் கேட்கும் அந்த அமுக்கமான திணறலின் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது. நகலில் நான்கு எண்களைப் பள்ளிக்கூடக் கணக்காகக் கூட்டினால் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் போக்கியாக இருக்காது. எனவே அசல் சில்லில் அளந்த வளைவை ஓர் அட்டவணையாக்கி நகலுக்குள் வைக்கிறார்கள்.

அந்த அட்டவணை தரும் எண்ணை மின்னழுத்தமாக்கவும் ஏதேனும் வேண்டும், ஏனென்றால் எஃப்.பி.ஜி.ஏ.வின் கால்களுக்கு முழுமையாக ‘ஆம்’ அல்லது முழுமையாக ‘இல்லை’ மட்டுமே தெரியும். ஒரு மலிவான உத்தி உண்டு. மோட்டாரை அடிக்கடி போட்டு நிறுத்தினாலும் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் சீராகவே வரும். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கேற்பத் தொட்டியின் மட்டம் அமையும். அதுபோல ஒரு காலை நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, ஒரு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட சிறு தொட்டி வழியே அனுப்பினால், நாம் விரும்பிய மின்னழுத்தம் சீராக வெளிவரும். காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இன்னொரு முட்டுக்கட்டை மின்னழுத்தத்தின் அளவு. பழைய பலகைகள் 5 வோல்ட்டில் பேசுகின்றன, இன்றைய எஃப்.பி.ஜி.ஏ.க்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதில்லை. இடையில் மொழிபெயர்ப்பாளர் போல ஒரு மட்டம் மாற்றும் சில்லு நிற்க வேண்டும். பல எஃப்.பி.ஜி.ஏ.க்கள் மின்சாரம் போனதும் தங்கள் இணைப்புகளை மறந்துவிடும் என்பதும் உண்டு. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அமைப்புக் கோப்பை மறுபடி படிக்க வேண்டும். மேக்ஸ் 10 அந்தக் கோப்பைத் தனக்குள்ளேயே நிரந்தரமாக வைத்திருப்பதால் உடனே விழித்துக்கொள்கிறது. போக்கியின் மாற்றாக இன்று பரவலாக அறியப்படும் ‘போக்கிமேக்ஸ்’ என்னும் சிறு பலகை இதை மையமாகக் கொண்டதுதான். இரண்டு அல்லது நான்கு போக்கிகளை ஒரே பலகைக்குள் அடக்கவும் அதில் வழியுண்டு.

பெயரில் இல்லாத ஒலி

போக்கியின் பெயரில் ஒலி இல்லை என்று முன்பு சொன்னேன். வீட்டுக் கணினியில் விசைப்பலகையைப் படிப்பதும், திருகு விசைகள் எவ்வளவு திருப்பப்பட்டுள்ளன என்று அளப்பதும், சமவாய்ப்பு எண்ணைத் தருவதும் அதன் வேலைகள். ஆர்கேட் பொறியாளர்கள் இந்த உபரிக் கால்களை வீணாக்கவில்லை. ‘மிசைல் கமாண்ட்’ பெட்டியில், ஆட்டம் எத்தனை நகரங்களோடு தொடங்க வேண்டும் என்பது போன்றவற்றைக் கடைக்காரர் தேர்ந்தெடுக்கும் சிறு விசைகள் போக்கியின் திருகு விசைக் கால்கள் வழியாகத்தான் படிக்கப்படுகின்றன. ‘டெம்பெஸ்டில்’ ஆட்டக்காரர் சுழற்றும் குமிழின் நிலையும் அவ்வாறே வருகிறது. ஒலியை மட்டும் அப்பழுக்கில்லாமல் உருவாக்கிய ஒரு நகலை அங்கே பொருத்தினால், பெட்டி இனிமையாக ஒலிக்கும். ஆனால் ஆட்டக்காரரின் கை அசைவுக்கு அசையாது.

மேலே சொன்ன 17 நாற்காலி வரிசையும் இங்கே இரட்டை வேடம் போடுகிறது. செயலி அதிலிருந்து எட்டு நாற்காலிகளின் நிறங்களை ஒரே எண்ணாகப் படித்து, சமவாய்ப்பு எண்ணாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரைச்சல் காதுக்குச் சரியாகக் கேட்டால் போதும் என்று நகலில் வேறொரு விதியால் வரிசையை நகர்த்தினால், ஒலியோடு செயலிக்குக் கிடைக்கும் எண்களும் சேர்ந்து மாறிவிடும்.

மற்றச் சில்லுகள்

எல்லாச் சில்லும் இவ்வளவு படுத்துவதில்லை. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தின் ஏ.ஒய்-3-8910 மூன்று தடங்களும் ஓர் இரைச்சல் ஊற்றும் கொண்ட எளிய சில்லு. கொனாமியின் ‘கைரஸ்’ ஆட்டத்தில் அது ஐந்து இருந்தது. 1980களின் நடுவிலிருந்து ஆர்கேட் இசையை ஆண்ட யமஹாவின் ஒய்.எம்.2151 எட்டுத் தடங்கள் கொண்டது, உள்ளே நடக்கும் கணக்கு எத்தனையோ மடங்கு சிக்கலானது. ஆனாலும் ஒரு விதத்தில் அதை நகலெடுப்பது எளிது: அது தன் ஒலியை எண்களாகவே வெளியே தருகிறது, மின்னழுத்தமாக்கும் வேலையைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு சில்லு பார்த்துக்கொள்கிறது. ஆகவே அசலின் எண்ணையும் நகலின் எண்ணையும் வரிசையாக வைத்து ஒன்றுகூடப் பிசகவில்லை என்று காட்ட முடியும். ஹோசே தெஹாதா வெரிலாக்கில் எழுதி வெளியிட்ட ‘ஜே.டி.51’ இந்தச் சில்லின் திறந்த மூல வடிவம். ‘பேக்மேன்’ பெட்டியிலோ ஒலிச் சில்லு என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை; கடையில் கிடைத்த சாதாரணத் தருக்கச் சில்லுகளையும் அலை வடிவங்கள் எழுதிய நினைவகத்தையும் பலகையில் பரப்பி அந்த வேலையை முடித்துக்கொண்டார்கள்.

நகல் சரியா என்று பார்க்க ஒரு சோதனை

போக்கி நகல் ஒன்று கையில் கிடைத்தால், பிரபலமான ஓர் இசைத்துண்டை ஒலிக்கவிட்டு “அப்படியே இருக்கிறது” என்று தலையாட்டுவது எளிது. அந்தச் சோதனையில் ஏறக்குறைய எல்லா நகலும் தேறிவிடும். நான் பரிந்துரைப்பது வேறு. ஒரு தடத்தை நான்கு நாற்காலி வரிசையோடு இணைத்து, 28ஆல் வகுத்த துடிப்பைத் தேர்ந்தெடுத்து, ஒலி அளவை முழுமையாக வைத்து, சுருதிப் பதிவகத்தில் 13 எழுதுங்கள். கரகரவென்று ஓர் ஒலி வரும். 15 எழுதுங்கள், சற்றுத் தாழ்ந்த சுருதியில் அதே கரகரப்பு வரும். பிறகு இரண்டுக்கும் நடுவில் 14 எழுதுங்கள். சில்லு பதினைந்து வரை எண்ணும், ஒவ்வொரு முறையும் அதே ஆளையே பார்க்கும், ஒலிபெருக்கியில் எதுவும் கேட்கக்கூடாது. அங்கே ஏதாவது கேட்டால், உருவாக்கியவர் நாற்காலி வரிசையைக் கடிகாரத்தோடு ஓடவிடாமல் தடத்தோடு கட்டிவைத்திருக்கிறார் என்று பொருள்.